பாட்டன் பெயரைத் தேடும் பெயரன்

(பெருங்களத்தூரில், ஊரன்பர் கூட்டத்தில் படிக்கப்பெற்ற உரை)



பெருங்களத்தூர் எனும் இவ்வூர்ப் பெயரைத் தமிழ்நாட்டின் தென்கோடியில் வாழ்வாரும் நன்கறிவர். பொங்கலுக்கு முந்திய இரவுகளில் மூட்டையும் பையும் கைக்குழந்தையுமாய், திருச்சிராப்பள்ளிப் பெருஞ்சாலையின் ஓரத்தில் தென்மாவட்டப் பேருந்துக்காகக் காத்து நின்ற மக்கள் திரளைப் பல்லாண்டுகள் கண்ட ஊர் இது. 2021ஆம் ஆண்டில் இப்பேரூர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2023 திசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. காத்து நிற்கும் இடம் சற்றே தெற்கே நகர்ந்தது. ஆயினும், "ஊருக்குப் போகிறோம்" எனும் அச்சொல் மட்டும் மாறவில்லை.

அவ்வாறு போகின்ற குடும்பத்துப் பத்து அகவைச் சிறுவனை அழைத்து, "உன் பாட்டன் பெயர் யாது?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவான். "பாட்டனைப் பெற்றவர் பெயர் யாது?" என்று கேளுங்கள், தந்தையின் முகத்தைப் பார்ப்பான். தந்தையோ தம் தாயின் முகத்தைப் பார்ப்பார். அம்மூதாட்டியும் மறைந்துவிட்டால் எவர் முகத்தைப் பார்ப்பது? நூறாண்டுகட்கு முன் உழுதும் நெய்தும் சுமந்தும் ஒரு குடியை நிலைநிறுத்திய மாந்தனின் பெயர், அவன் குருதியிற் பிறந்த வீட்டிலேயே அழிந்துபோகின்றது. அதனை அழித்தவன் பகைவன் அல்லன். எழுதி வையாத சோம்பலே அழித்தது.

முன்னோரைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பாட்டன், பூட்டன், ஓட்டன் என மேனோக்கிச் செல்லும் சொற்களும் உள. பெயரன், கொள்ளுப்பெயரன், எள்ளுப்பெயரன் எனக் கீழ்நோக்கி இறங்கும் சொற்களும் உள. பேரன் என இன்று வழங்குவது பெயரன் என்பதன் மரூஉவே. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆகலின் அவன் பெயரன், பெண்ணாயின் பெயர்த்தி. இவ்வழக்கம் வெறும் அன்பின் அடையாளம் மட்டுமன்று. குடிவழியைத் தேடுவார்க்கு நல்லதொரு திறவுகோலும் ஆகும். ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் மீண்டும் வருமாயின், ஏறத்தாழ ஐம்பது அறுபது ஆண்டு இடைவெளியில் அதே வீட்டில் அதே பெயரோடு இருவர் வாழ்ந்திருப்பர். இதை அறியாதார் இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவர். அறிந்தாரோ ஒரு பெயரைக் கொண்டே இரு தலைமுறை மேலேறுவர்.

ஆயின், எவருடைய கொடிவழி இந்நாட்டில் எழுதப்பெற்றது? மன்னர்தம் கொடிவழி செப்பேட்டில் பொறிக்கப்பெற்றது. சோழ மரபினரைப் பல தலைமுறைக்கு நிரல்படக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடு அதற்குச் சான்று. எளிய மாந்தனுக்கோ, ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்தால் ஒரு நடுகல் கிடைத்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற கல், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எழுத்தில், கூடலூர் ஆகோட் பூசலில் மாண்ட அந்துவன் என்பானின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது. வாளெடுத்து மாண்டவனுக்குக் கல் உண்டு. மண்வெட்டி எடுத்து மாண்டவனுக்கு என்ன உண்டு?

இங்கு இல்லாத அப்பெயர் ஓரிடத்தில் உண்டு, பெருமக்களே! அது கடல் கடந்த நாட்டில் உண்டு.

1860ஆம் ஆண்டு அத்தோபரில் சென்னைத் துறைமுகத்தினின்று 'துரூரோ' எனும் கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையில், 342 பேரை அது இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்யப்பெற்ற கூலி மக்கள் அவர்கள். 1911 வரை அங்ஙனம் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பெற்றோர் 1,52,184 பேர் என அந்நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். மொரிசியசுத் தீவுக்கோ 1834 முதலே கப்பல்கள் சென்றன. அங்குப் போர்ட்டு லூயித் துறையில் அவர்கள் ஏறிய படிக்கட்டுகளை ஒன்றிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. குடிபெயர்ந்தோர் பதிவேடுகள் அங்கு மோக்கா எனும் ஊரிலுள்ள மகாத்துமா காந்தி நிறுவனத்தில் காக்கப்பெறுகின்றன.

அப்பதிவேடுகளில் இருப்பவை யாவை? ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக வெள்ளையன் எழுதிக்கொண்ட அடையாளம் அது. கொடுமைக்காக எழுதப்பெற்ற அவ்வரியே, இன்று கொள்ளுப்பெயர்த்தி ஒருத்தி தன் முன்னோனைக் கண்டுகொள்ளும் விளக்காயிற்று. நெற்றியில் தழும்பு என்றொரு சொல் போதும். முகமறியாத முன்னோனுக்கு முகம் வந்துவிடுகின்றது!

இங்கொரு புதுமையை எண்ணிப் பாருங்கள். இச்செங்கல்பட்டுப் பகுதியில் நிலமில்லாத பண்ணையாளின் பெயர் எந்த நில ஆவணத்திலும் ஏறவில்லை. அவர்தம் இழிநிலையை மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891இல் அறிக்கையாக எழுதிய பின்னரே, 1892இல் அவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என மக்கள் வழங்குவது அதுவே. அதற்கு முன்னர், ஊரில் பெயரற்றுக் கிடந்தவன் கப்பலேறிய அன்று பெயரும் தந்தை பெயரும் பெற்றான். வீட்டுக் கொடிவழியில் இடம்பெறாத பெண்ணும் அப்பட்டியலில் தனக்கெனத் தனி வரி பெற்றாள். பிறந்த மண் செய்யாததை அடிமைக் கப்பல் செய்தது என்பது தமிழர்க்குப் பெருமை தருவதன்று, நாணம் தருவது.

ஆயின், அப்பதிவேடு பாதிச் சுவடியே.  எழுதிய எழுத்தன் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினான். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்டு' ஆயிற்று. தஞ்சாவூர் 'தஞ்சூர்' ஆயிற்று. முதலி 'மூட்லி' ஆயிற்று. பெரிய ஊர்களின் பெயரை எவரும் கண்டுபிடிப்பர். முப்பது வீடுகள் கொண்ட சிற்றூரின் பெயரைத் தர்பனில் வாழும் பெயர்த்தி எவ்வாறு கண்டுபிடிப்பாள்? அவளுக்குத் தமிழ் எழுத்தும் மறந்துவிட்டது. அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தவுடனே, "இஃது எங்கள் ஏரிக்கு மேற்கேயுள்ள ஊரல்லவா?" என்று சொல்ல வல்லார் இங்குள்ள முதியோரே. அவளிடம் எழுத்து உண்டு; ஊர் இல்லை. இவரிடம் ஊர் உண்டு, எழுத்து இல்லை. "எங்கள் பூட்டனின் உடன்பிறந்தான் கப்பலேறிப் போனான், திரும்பவே இல்லை" எனும் சொல் எத்தனையோ வீடுகளில் இன்னும் வழங்குகின்றது. கிழிந்த ஓர் ஏட்டின் ஒரு பாதி அங்கும் மறுபாதி இங்குமாய்க் கிடக்கின்றன. பொருத்துவார் இன்மையால் இரண்டும் பயனற்றுப் போகின்றன.

கரிபியன் தீவுகட்கும் பிசித் தீவுக்கும் சென்ற வடநாட்டுக் கூலிமக்கள், ஒரே கப்பலில் வந்தவரைக் 'கப்பல் உடன்பிறப்பு' எனும் பொருள்பட 'சகாசி பாய்' என்றழைத்தனர். பிறந்தாரைப் பிரிந்தவர், உடன் துன்புற்றாரை உறவாக்கிக் கொண்டனர். இன்று குடிவழி தேடுவாரிடையேயும் அத்தகைய உறவே வளர்கின்றது. ஒரே கப்பலின் பட்டியலை ஆய்வார் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்கின்றனர். ஒருவர் கண்ட வரி மற்றொருவர் முடிச்சை அவிழ்க்கின்றது. தமிழ்நாட்டரசும் 2023 முதல் 'வேர்களைத் தேடி' எனும் பண்பாட்டுப் பயணத் திட்டத்தால் அயலகத் தமிழிளைஞரை இங்கு அழைத்து வருகின்றது. வருவார்க்குக் கோயிலும் கோட்டையும் காட்டலாம். அவர்தம் பாட்டன் ஊரைக் காட்ட வேண்டுமாயின், ஊரார் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

எழுதுவார்க்கு முதற்கண் வேண்டுவது உண்மை. அமெரிக்கக் கருப்பின எழுத்தாளர் அலெக்சு ஏலி தம் முன்னோரைத் தேடி எழுதிய பெருநூல் 1976இல் வெளிவந்தது. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' எனும் பெயரில் அதனை அறிவோர் பலர். அந்நூல் பலரைத் தம் குடிவழியைத் தேடத் தூண்டியது. பின்னர், ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர், அதன் பல பகுதிகள் சான்றோடு பொருந்தவில்லை எனக் காட்டினர். தேடலின் அருமை குன்றவில்லை. ஆயினும், செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தியென்றே எழுதுதல் வேண்டும் எனும் பாடம் நிலைத்தது. யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் உடன் எழுதுக. ஐயுறுவதை ஐயம் என்றே குறிக்க.

முதியோரிடம், "எந்த ஆண்டு?" என்று கேட்டால் விடை வாராது. "காந்தியடிகள் இறந்தபோது உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா? தனுசுக்கோடிப் புயலின்போது பிள்ளை பிறந்திருந்ததா?" என்று கேளுங்கள்; 1948க்கும் 1964க்கும் இடையே அவர் வாழ்வு தானே ஒழுங்குபடும். பழைய ஓலையிலும் ஆவணத்திலும் காணும் அறுபதாண்டுப் பெயர்களில் விழிப்பாயிருங்கள். தாது ஆண்டு என்றால் 1876–77 ஆகலாம்; 1936–37 ஆகவும் ஆகலாம். பெரும்பஞ்சம் தொடங்கியது முன்னதில். ஒரு சுற்று தவறினால் இரு தலைமுறை தவறிவிடும்.

வீட்டுப் பெட்டியிலுள்ள கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் தந்தை பெயர்கள் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று அந்நிலம் கைமாறிய வழியைக் காட்டும். பள்ளிப் பதிவேடும், கிறித்தவராயின் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடும், பிறப்பு இறப்புப் பதிவும் துணை செய்யும். எழும்பூரிலுள்ள தமிழ்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு ஆவணங்கள் உள. இவை எல்லாவற்றிற்கும் முன்னர் அழியக்கூடிய ஆவணம் ஒன்றுண்டு. அது திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் நினைவு. அலுவலகம் நாளையும் திறந்திருக்கும். அந்நினைவு நாளை இராது.

இருவகை இழுக்குகளை இவ்வேலையில் விலக்குதல் வேண்டும். ஒன்று, சாதிச் செருக்கு. கொடிவழி தேடப் புகுந்து, "எம் முன்னோர் அரசாண்டார்" என்று சான்றின்றிப் பறையறைவார் உளர். அவர் தேடுவது முன்னோரை அல்லர். பிறரைத் தாழ்த்துதற்கு ஒரு படிக்கட்டையே. ஒப்பந்தக் கூலியாய்ச் சென்றவனும், களத்து மேட்டில் நெல்லடித்தவனும், தறியில் கால் தேய்ந்தவளும் முன்னோரே. அவரை மறைத்து எழுதும் வரலாறு பொய்யாகும். மற்றொன்று, பெண்ணை விடுத்தல். மனைவியென்றும் தாயென்றும் மட்டும் எழுதாது, அவள் பெயரும் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் எழுதுக. ஒவ்வொருவர் குடிவழியிலும் சரிபாதி அவளுடையதன்றோ?

எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைத்தலும் வீணே. கொடுத்தால்தான் அது வளரும். பங்காளிக்கும் மாமன் வீட்டார்க்கும் ஒரு படி கொடுங்கள். அவர் திருத்துவர், சேர்ப்பர், சிலவிடத்துச் சினப்பர். அச்சினத்திலும் ஒரு செய்தி வெளிப்படும். அதே ஊரினின்று பெயர்ந்து வேறிடத்தில் வாழ்வாரோடு மடல் வழியோ கைப்பேசி வழியோ தொடர்பு கொள்ளுங்கள். அயல்நாட்டினின்று ஒருவர், "இவ்வூர் எங்குள்ளது?" என வினவினால், பணம் பறிக்க வந்தவரோ என ஐயுற்று வாளாவிருந்துவிட வேண்டா, ஊரைக் கேட்டறிந்து விடை எழுதுங்கள். உயிரோடிருப்பார்தம் செய்தியை மட்டும் அவர் இசைவின்றி வெளியிடாதீர். இறந்தார்க்குச் செய்யும் நன்றி இருப்பார்க்குத் தீங்காதல் கூடாது.

இனி வரும் பொங்கலுக்கு ஊர் செல்வோர் இனிப்பும் புத்தாடையும் எடுத்துச் செல்வர். அவற்றோடு ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்க. வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து, மூன்றே வினா வினவுக: "உங்கள் பாட்டன் பாட்டி பெயர் யாவை? அவர்கள் எவ்வூரினின்று வந்தார்கள்? குடும்பத்தில் கடல் கடந்து போனவர் எவரேனும் உண்டா?" மூன்றாம் வினாவுக்கு "உண்டு" என விடை வருமாயின், எழுதும் கை சற்றே நடுங்கும். ஏனெனில், அதே வேளையில் கடலுக்கு அப்பால், நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடைய பட்டியலில் சிதைந்த ஓர் ஊர்ப் பெயரின்மேல் விரல் வைத்து, படிக்கவியலாமல் ஒருத்தி அமர்ந்திருக்கலாம்.

அவள் அயலாள் அல்லள், பெயர்த்தி. அவளுக்கு விடை எழுதுக!