மருந்துப் புட்டியும் பால் பல்லும்

(சமூக மன்றத்தில் மூத்தோருக்காக நடைபெற்ற சுகாதாரப் பகிர்வில் ஆற்றிய உரை)

பேரப்பிள்ளைகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் என் நன்றி. நான் பல் மருத்துவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள். சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. இன்று நான் சொல்லப்போகும் மருத்துவ விவரங்கள் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. தவறு மட்டும் என் வீட்டில் நடந்தது.

என் மகனுக்கு இப்போது 5 வயது. 3 வயதில் அவனுக்கு ஓயாத சளி, மூக்கடைப்பு, இருமல். நானும் என் கணவரும் வேலைக்குப் போவதால் அவனைப் பார்த்துக்கொண்டது என் அம்மா. இரவு ஒன்பது மணிக்குப் பல் துலக்கிவிட்டு, படுக்கையில் போட்டு, கடைசியாக 5 மில்லிலிட்டர் மருந்து கொடுப்பார். "பிள்ளைக்குக் கசக்குமே" என்று பின்னாலேயே ஒரு துண்டு கற்கண்டு. பிறகு விளக்கை அணைத்துவிடுவார். மாதக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

அதே நாள்களில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பல் பராமரிப்பு பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "இனிப்பு மருந்து கொடுத்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள்" என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அதை அம்மாவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளையின் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தோம். சில மாதங்களில் அது பழுப்பாகி, ஓரம் பொடிந்தது. பல் மருத்துவர் மிட்டாயைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "என்ன மருந்து கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்கு அங்கேயே முகம் வாடிவிட்டது. "என் கையாலேயே பேரன் பல்லைக் கெடுத்துட்டேனே" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் பிள்ளைக்குக் காதில் கிருமித்தொற்று. மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார். அதுவும் இனிப்புத் திரவம்தான். அம்மா மூன்று நாள் கொடுத்துவிட்டு, காய்ச்சல் விட்டதும் புட்டியை அலமாரிக்குள் வைத்துவிட்டார். பல்லுக்குப் பயம். ஒரு வாரத்தில் காதுவலியும் காய்ச்சலும் திரும்பி வந்தன.

ஆகவே உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: பல்லை நினைத்து மருந்தை நிறுத்தாதீர்கள், அளவைக் குறைக்காதீர்கள், மருத்துவர் சொன்ன நாள்கள் வரை கொடுத்து முடியுங்கள். நாம் மாற்ற வேண்டியது கொடுக்கும் விதத்தைத்தான்.

மருந்தில் சர்க்கரை எதற்கு என்று கேட்பீர்கள். கசப்பை மறைக்க என்பது எல்லாருக்கும் தெரியும். வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரைப்பாகு கெட்டியாக இருந்தால் அதில் கிருமி எளிதில் வளராது, மருந்து கெடாமல் இருக்கும். ஊறுகாய்க்கு உப்பு செய்கிற வேலையை மருந்துக்குச் சர்க்கரை செய்கிறது. மருந்து தயாரிப்பில் பயன்படும் சாதாரணச் சர்க்கரைப்பாகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 67 கிராம் சர்க்கரை. அப்படிப்பட்ட பாகில் 5 மில்லிலிட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. எல்லா மருந்தும் இவ்வளவு இனிப்பல்ல. சர்க்கரை இல்லாத மருந்துகளும் இப்போது நிறைய வருகின்றன. ஆனால் நாளுக்கு மூன்று வேளை, வாரக்கணக்கில் கொடுக்கிற மருந்தாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாயில் இருக்கும் கிருமிகள் இந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலில் உள்ள தாதுச் சத்தைக் கரைக்கிறது. எனாமலுக்குத் தமிழில் 'பற்சிப்பி' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் போன முறை அதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், "கடல் சிப்பியா அம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எனாமல் என்றே சொல்கிறேன். நீங்கள் எல்லாம் எனாமல் கோப்பையில் காப்பி குடித்தவர்கள். மேல்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பு தெரியும், பிறகு அந்த இடத்தில்தான் துருப் பிடிக்கும். பல்லும் ஏறக்குறைய அப்படித்தான். நகம்போல எனாமல் மறுபடி வளராது. பால் பற்களின் எனாமல், பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். அதனால் பிள்ளைகளுக்குச் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

சர்க்கரை இல்லாத மருந்து என்றால் முழு நிம்மதி என்றும் சொல்ல முடியாது. ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி சுவை கொண்ட சில மருந்துகளில் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். அது கிருமியின் உதவி இல்லாமலே எனாமலின் மேற்பரப்பை மென்மையாக்கும். புளிப்பான மருந்து கொடுத்த கையோடு பல் துலக்காமல், தண்ணீர் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரவு வேளை ஏன் மோசம் என்றால், உமிழ்நீர்தான் பல்லுக்குக் காவல். அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுச் சத்தைக் கொஞ்சம் திருப்பித் தருவதும் அதுதான். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். மூக்கு ஒழுகலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வாயை இன்னும் உலர வைக்கும். பாகு பல்லில் ஒட்டியபடி விடிய விடிய இருக்கும். என் மகனுக்கு நடந்தது இதுதான். போதாததற்குக் கற்கண்டு வேறு.

இப்போது எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டோடு மருந்து. உடனே சில வாய் குழாய்த் தண்ணீர். சிங்கப்பூரில் 1950களிலிருந்தே குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். பல்லுக்கு அதுவும் நல்லது. அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்கல். அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. கொப்பளிக்கத் தெரியாத கைக்குழந்தையாக இருந்தால், சுத்தமான துணியை நனைத்துப் பல்லையும் ஈறையும் துடைத்துவிட்டால் போதும். கரண்டிக்குப் பதிலாக மருந்தகத்தில் தரும் ஊசியில்லாத சிரிஞ்சைப் பயன்படுத்தி, கன்னத்தின் உட்புறமாக மெதுவாகச் செலுத்தினால் முன்பற்களில் அதிகம் படாது.

ஒன்றை மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றாதீர்கள். சில மருந்துகளை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும், சிலவற்றைப் படுக்கும் நேரத்தில்தான் கொடுக்க வேண்டும். நேரத்தை மாற்றுவதற்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள். இரவில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொடுங்கள். பிறகு தண்ணீர் கொடுத்தோ துடைத்தோ படுக்க வையுங்கள். பால் புட்டியில் மருந்தைக் கலக்காதீர்கள். பிள்ளை பாலை மீதம் வைத்தால் மருந்தும் மீதமாகிவிடும், இனிப்பும் பல்லில் நெடுநேரம் ஊறும்.

தேனைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் வழக்கம். பல்லைப் பொறுத்தவரை தேனும் சர்க்கரைதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம்.

"அந்தக் காலத்தில் கிருமிக்கொல்லி சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பல்லே மஞ்சளாகிவிட்டதே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உண்மைதான். அது டெட்ராசைக்ளின் என்ற மருந்தால் வந்தது. பல் உருவாகும் வயதில் அது பல்லுக்குள்ளேயே படிந்து நிறத்தை மாற்றும். அதனால் 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் வரும் கறுப்புக் கறை வேறு. அது மேலோட்டமானது, பல் மருத்துவர் சுத்தம் செய்துவிடுவார்.

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், பேரப்பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு வெள்ளையில் கோடு தெரிந்தால் அது பாலும் இல்லை, கறையும் இல்லை. அந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் ஃபுளோரைடு பூசியே நிறுத்திவிடலாம். நாங்கள் அதைத் தவறவிட்டோம். தொடக்கப்பள்ளிக்குப் போனால் அங்கே பல் மருத்துவச் சேவை இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். முதல் பிறந்தநாள் வாக்கிலேயே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

என் மகனுக்கு இரண்டு முன்பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. நிரந்தரப் பல் வர இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகும்; அதுவரை 'ச'வும் 'த'வும் அவன் வாயில் கொஞ்சம் காற்றோடுதான் வரும். அம்மா இப்போது பலதுறை மருந்தகத்துக்குப் போனால், மருந்து கொடுக்கும் முகப்பை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார். "தம்பி, இதுல சீனி இருக்கா? சீனி இல்லாதது இருந்தா மாத்திக் கொடுங்க" என்று கேட்பார். சில நேரம் இருக்கிறது என்று மாற்றித் தருகிறார்கள், சில நேரம் இல்லை என்கிறார்கள். இல்லை என்றால் வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.