மகளின் தட்டிலும் மீன் வையுங்கள்



மீஞ்சூர் முதல் பழவேற்காடு ஏரிக்கரை வரை, மகள் சோர்ந்து உட்கார்ந்தால் "சோம்பேறி" என்று ஏசுகிறோம். மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்பதில்லை. அது இரத்தசோகையாக இருக்கலாம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், ஆண்களில் 31 பேருக்கும் இக்குறை இருந்தது.

வளரும் உடலுக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டும். மாதவிலக்கில் இரத்தமும் போகிறது. ஈரமண்ணில் செருப்பின்றி நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறிக் குடலில் இரத்தம் உறிஞ்சும். இக்குறையோடு தாயானால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறதென்று எறிந்துவிடாதீர்கள். சாப்பிட்ட பின் விழுங்குங்கள். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். உடனே தேநீர் குடிக்காதீர்கள். சத்து சரியாகச் சேராது. புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது.

தாய்மார்களே! நல்ல மீனை விற்றுவிட்டு, மிஞ்சியதை ஆண்களுக்கு வைத்து, மகளுக்கு வெறும் குழம்பை ஊற்றும் வழக்கம் நம்மிடையே வேண்டாம். மீனோடு முருங்கைக்கீரையும் எலுமிச்சையும் சேரட்டும். ஏரி தரும் உணவில் அவளுக்கும் சமபங்கு உண்டு.