பூஞ்சை மருந்தும் உடன் உண்ணும் மருந்துகளும்



படர்தாமரை பொதுவாக உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. ஆயின் அதற்கென விழுங்கும் மாத்திரை, முதியவர் ஒருவர் பல்லாண்டுகளாக உண்டுவரும் வேறொரு மாத்திரையோடு சேருங்கால் பெருந்தீங்கு விளையக்கூடும்.

உண்ட மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் கல்லீரலில் உள்ளன. இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல் முதலிய பூஞ்சை மருந்துகள் அவற்றுள் சிலவற்றைத் தடுக்கின்றன. அதனால் மற்ற மருந்து சிதையாது குருதியில் தேங்கிப் பெருகுகிறது. ஒவ்வாமைக்கு வழங்கிய டெர்ஃபெனடின், கீட்டோகோனசோலுடன் சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைத்த செய்தி 1990இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. 1998இல் அந்நாட்டில் டெர்ஃபெனடினின் விற்பனையே நின்றது.

இன்று இல்லங்களில் உள்ள மருந்துகளிலும் இவ்விடர் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுடன் இட்ராகோனசோல் சேரவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் பழுதுபடலாம். வார்ஃபரின் உண்பவர் ஃபுளுகோனசோல் உண்டால் குருதிக்கசிவு நேரலாம். வாயில் தடவும் மைகோனசோல் கூழும் அத்தகையதே. கிளிமெபிரைடு உண்ணும் நீரிழிவாளர்க்கு ஃபுளுகோனசோலால் சர்க்கரை மிகத் தாழலாம். உண்ணாநோன்பு நாளில் இவ்விடர் இன்னும் மிகுதி.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனப் பிரித்துண்பது தீர்வாகாது. பூஞ்சை மருந்தை நிறுத்திய பின்னும் அதன் தடை சில நாள்கள் நீடிக்கும். இட்ராகோனசோலுக்கு அது வாரக்கணக்கிலும் நீளலாம்.

உணவும் கருதத்தக்கது. இட்ராகோனசோல் குளிகையை நிறைய உண்டவுடன் விழுங்க வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்போர், அதனை உறங்கப் போகும்போது வெறுவயிற்றில் விழுங்கினால் மருந்து உடலில் சரிவரச் சேராது. ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகளும் அதன் சேர்க்கையைக் குறைக்கும். நோய் தீராமை கண்டு மருந்துக்கடையில் மேலும் வாங்கியுண்பது, இடரைப் பெருக்குவதாகவே முடியும்.

ஆதலின் தோல் மருத்துவரைக் காணச் செல்வோர், வீட்டிலுள்ள தம் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். நோன்பு நாள்களையும் முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. இதயத்துக்கும் நீரிழிவுக்கும் உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். தசை வலியோடு சிறுநீர் கருத்தல், ஈறில் குருதி, மலம் கருத்தல், திடீர் வியர்வையும் நடுக்கமும் தோன்றின் அன்றே மருத்துவமனை செல்லுதல் கடன்.

முதியோர் பலர்க்கு மாத்திரைப் பெயர்களை நினைவில் வைத்தல் அரிது. இல்லத்து இளையோர் அவற்றை ஒரு தாளில் எழுதித் தருவாராக. அனைவரும் நலமுடன் வாழ்க.