ஒன்பதாம் இலக்கச் சட்டங்கள் இரண்டு



2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. நம் புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவரோடு வாய் கொடுக்கிறார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்று ஒரு வரி. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து மூன்றே கிழமை. வாய்ச்சண்டை வரி மிரட்டலாகப் பரவியது, கல் பறந்தது, எழுதியவர் கைதானார். மறுநாள் கொட்டாரமுல்லயில், அந்த வரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தச்சுத் தொழிலாளி ஒருவரைக் கும்பல் வெட்டிக் கொன்றது.

அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் பூட்டியது. 2018இல் கலவரத்தில் திகன எரிந்தபோதும் அதே பூட்டு. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதே பூட்டு, அந்த முறை ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாதென்று! விபிஎன் தெரிந்த பிள்ளைகள் பூட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது, குவைத்தில் வேலை செய்யும் மகளின் குரலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்த உம்மாதான்.

பிறகு சட்டம் வந்தது. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய்யான கூற்று என்று ஓர் ஆணைக்குழு சொல்லும், சிறையும் உண்டு. 2023 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தது, 2024 ஜனவரியில் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நம் வாயைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு அவசரம்!

இன்னொரு 9ஆம் இலக்கமும் இருக்கிறது: 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் விவரத்தை வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டிய முக்கியப் பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். நம்முடைய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரையே இல்லை. இந்தியாவிலும் எழுத்தில் இல்லைதான். ஆனால் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அது அடிப்படை உரிமை என்று தீர்த்தார்கள்.

சிம் வாங்கப் போனால் அடையாள அட்டைப் பிரதி கொடுக்கிறோம். மேசை லாச்சியில் அது எத்தனை பேருடைய பிரதிகளோடு கிடக்கிறது? (கடைக்காரத் தம்பி கோபிக்க வேண்டாம், உங்களை மட்டும் சொல்லவில்லை.) பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் ஒரே தாளில். பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று அழைக்கிறவன் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்கிறானே, எங்கிருந்து எடுத்தான்?

வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், 2022 சட்டம் முழுதாக எந்தத் திகதியில் அமுலாகும் என்று கேளுங்கள். கவுண்டரில் அடையாள அட்டைப் பிரதி கேட்டால், வேலை முடிந்ததும் அதை என்ன செய்வீர்கள் என்றும் அங்கேயே நின்று கேளுங்கள்.