தானே கற்றலும் துணையும்



ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிப் பதுளை மாவட்டத்திலே நிமிர்ந்து நிற்பது நமுனுகுல மலை. அதன் சரிவெங்கும் இன்று தேயிலையைக் காண்கிறோம். ஆனால், இலங்கையின் மலைநாட்டிலே முதன்முதற் பெருந்தோட்டப் பயிராக விளங்கியது தேயிலையன்று, கோப்பியே. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையிற் பூஞ்சண நோயொன்று கண்டது. இரண்டு தசாப்தங்கள் கழிவதற்குள் அத்தொழில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று.

அதற்கு இரண்டாண்டு முன்னரே, கண்டிக்கு அப்பாலுள்ள லூல்கந்துர தோட்டத்திலே, ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவர் தேயிலைத் தொழிலை எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். தம் பங்களா விறாந்தையிலே கொழுந்தைக் கையால் உருட்டியும், கரியடுப்பிலே வாட்டியும் தாமே பார்த்துக் கற்றார். ஆயினும் இந்தியாவுக்குச் சென்று, அங்கே தேயிலை செய்வோரிடம் அறியவேண்டியதை அறிந்துவரவும் அவர் தயங்கவில்லை. பின்னர், கோப்பிப் பழம் பறித்த எம் முன்னோரின் கைகளும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கற்றுக்கொண்டன. ஒரு தலைமுறைக்குள் ஒரு மலைநாடே தன் தொழிலை மாற்றிக்கொண்டது.

இதனை நான் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவு என்னும் துறை இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. எவரும் வீட்டிலிருந்தபடியே தாமாகக் கற்று அத்துறையிற் பொறியியலாளர் ஆகலாம் என்று சிலர் கூறுகின்றனர். பல்கலைக்கழகப் பட்டமின்றி அது ஒருபோதும் ஆகாது என்று வேறு சிலர் கூறுகின்றனர். நான் கலைப்பட்டதாரி, கணினி அறிந்தவனல்லன். எனினும், இவ்விரு கூற்றுக்கும் இடையிலுள்ள உண்மையை என் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் காட்டினார்.

அவர் தோட்டத்திலே கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்தவர். மடுவத்திலே கொழுந்து நிறுத்துப் பதிவது அவருடைய நாளாந்தக் கடமை. பாடசாலையிலே கணிதத்தில் நல்ல ஆர்வம் காட்டியவர்தாம். ஆனால் உயர்தர வகுப்பிலே அவரைக் கலைப்பிரிவில் அமர்த்தியவன் நான். எங்கள் பாடசாலையிலே வேறு பிரிவு இருக்கவில்லை. விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் போய்வர அவர் வீட்டிலே வசதியுமில்லை. வழி இல்லாதபோது விதி என்று சொல்லிவிடுவது எளிது. இன்றுவரை என் மனத்தை உறுத்தும் விடயம் இது.

அவர் முதலில் நகரத்திலுள்ள ஒரு நிலையத்திற்குப் பணங்கட்டிச் சேர்ந்தார். மூன்று மாதத்தில் முடிந்த அப்பயிற்சி, அவருக்கு ஓர் அழகிய சான்றிதழைத் தந்ததேயன்றி அறிவைத் தரவில்லை. அதன்பின் கைத்தொலைபேசியிலே இலவசப் பாடங்களைக் கேட்கலானார். லயத்திலே அலை கிடையாது. கோவிலடி வளைவுக்கு ஏறிச்சென்றாற்றான் கிடைக்கும். இரவு வேளையிலே அங்கு நின்று பாடங்களைப் பதிவிறக்கி, அதிகாலையில் அகராதியோடு அமர்ந்து கற்றார். பைத்தன் என்னும் நிரலாக்க மொழியிலே ஓரளவு தேறவே ஓராண்டு சென்றது.

பிறகு தமக்குத் தெரிந்த பொருளையே ஆராயத் தொடங்கினார். மழை பெய்த அன்றே கொழுந்து பெருகுவதில்லை. சில நாள் சென்ற பின்னரே துளிர்க்கிறது. ஆகையால், கடந்த நாள்களின் மழையளவையும் கொழுந்தின் நிறையையும் கணினிக்குக் கொடுத்தால், அடுத்த வாரக் கொழுந்தை அது முன்கூட்டியே சொல்லுமா என்று பார்த்தார். இயந்திரக் கற்றல் எனப்படுவதன் சாரம் இதுவே. இயந்திரம் முதலிலே ஓர் உத்தேச விடையைச் சொல்கிறது. தராசு காட்டிய உண்மை நிறையோடு அது ஒப்பிடப்படுகிறது. எவ்வளவு பிழைத்ததோ அதற்கேற்பத் தன் கணக்கைச் சிறிது திருத்திக்கொள்கிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை பிழைத்துத் திருந்தி, ஈற்றில் உண்மையை நெருங்குகிறது.

ஒருநாள் அவர் மகிழ்ச்சி பொங்க என்னிடம் வந்தார். “சேர், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சரியாக வருகிறது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே எங்கள் கணித ஆசிரியையை அழைத்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, நீங்கள் பழக்கிய அதே கணக்கைக் கொண்டுதானா பரீட்சையும் வைத்தீர்கள்?”

ஆம், அப்படியேதான் செய்திருந்தார். வினாத்தாளை முன்னரே மாணவன் கையிற் கொடுத்துவிட்டுப் பின்பு அதற்கே புள்ளி போட்டது போன்றது அது. இயந்திரம் கற்கவில்லை, மனனஞ் செய்திருந்தது. அது காணாத மாதத்தின் கணக்கைக் கொடுத்தபோது, கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்திலே அதன் விடைகள் பெரிதும் பிழைத்துப்போயின. பாடங்களிலே இந்த எச்சரிக்கை இருந்ததா என்று கேட்டேன். “இருந்தது சேர், எனக்குத்தான் அது உறைக்கவில்லை” என்றார்.

நேயர்களே, தானே கற்பவரின் இடர் இதுவே. அவருக்கு அறிவு குறைவு என்பதன்று. தம் பிழையைக் காட்டும் பிறிதொரு கண் அவரருகில் இல்லை. கணித மேதை இராமானுசனுக்கும் இவ்விடர் நேர்ந்தது. கும்பகோணத்திலே கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்றை வைத்துக்கொண்டு அவர் தாமே கற்றார். கல்லூரிப் பரீட்சையிலே தவறினார். 1912ஆம் ஆண்டிலே சென்னைத் துறைமுகத்திலே மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுநராகச் சேர்ந்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலே வியத்தகு புதுமைகள் இருந்தன. முன்னரே பிறர் கண்டவையும் இருந்தன. பகா எண்களைப் பற்றிய பிழையான முடிவுகளும் இருந்தன. சரியையும் பிழையையும் பிரித்துக் காட்டவல்ல துணை கிடைத்த பின்னரே அவருடைய மேதைமை முழுமையாக உலகிற்குப் பயன்பட்டது. 1918ஆம் ஆண்டில் அவர் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

மேதைக்கே இந்நிலையென்றால், சாதாரண மாணவரின் நிலை என்ன? 2011ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆசிரியர்களான செபஸ்தியன் துரன், பீட்டர் நோர்விக் ஆகிய இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்திலே கட்டணமின்றி நடத்தினர். உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 160,000 பேர் அதிற் பதிவு செய்தனர். முடித்தவரோ ஏறத்தாழ 23,000 பேர். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது என்பது உண்மை. அக்கதவைக் கடந்து வழிநடக்கத் துணை வேண்டும் என்பதும் அதேயளவு உண்மை.

அன்று தொட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் கணினி அறை அம்மாணவருக்காகத் திறந்தது. கணித ஆசிரியை அட்டவணைக் கணிதத்தையும் நிகழ்தகவையும் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். நான் செய்தது சாவியைக் கொண்டுவந்ததும், தேநீருக்கு ஏற்பாடு செய்ததும், ஆங்கில வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் சொன்னதுமே. மூன்றாண்டு சென்றன. அவர் இன்று கொழும்பு நிறுவனமொன்றிலே இளநிலைப் பதவியில் இருக்கிறார். தரவுகளைச் செம்மைப்படுத்துவதும், இயந்திரத்தின் விடைகளைச் சோதிப்பதும் அவருடைய வேலை. பெருஞ்செல்வம் வந்துவிடவில்லை. ஆனால், காணாத கணக்கைக் கொண்டே பரீட்சை வைக்கவேண்டும் என்பதை அவர் இப்போது பிறருக்குச் சொல்லுகிறாராம்.

ஆகவே, தொழில் மாற விரும்பும் இளைஞருக்கு நான் கூறுவது சில. மூன்று மாதத்திலே பொறியியலாளர் ஆக்குகிறோம் என்பாரை நம்பிக் கடன்படாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகமே நிரலாக்கப் பாடங்களை இணையத்திலே கட்டணமின்றித் தருகிறது, அங்கே தொடங்குங்கள். சாதாரணதரக் கணிதத்தை மீண்டும் கையிலெடுக்க வெட்கப்படாதீர்கள். உங்கள் கைக்குப் பழகிய தொழிலிலிருந்தே முதற் கேள்வியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொழுந்தை அறிந்தவருக்குக் கொழுந்துக் கணக்கிலுள்ள பிழை விரைவிற் புலப்படும். கைவேலையை விட்டுவிட்டுக் கற்கப் புறப்படாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் விடையைச் சரிபார்க்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்ற அதிபர்மாருக்கும் ஒரு வார்த்தை. பல பாடசாலைகளிலே கணினி அறைகள் வார இறுதியிற் பூட்டியே கிடக்கின்றன. நாம் அன்று விஞ்ஞானப் பிரிவு கொடுக்கமுடியாது அனுப்பிய பிள்ளைகள் இன்று கோவிலடி வளைவிலே குளிரில் நின்று கற்கிறார்கள். அவர்கள் நம்மிடம் கேட்பது பட்டமன்று; ஒரு மேசை, ஒரு விளக்கு, பிழையைச் சொல்ல ஒரு மனிதர். அதனைக் கொடுப்பதற்கு நாம் செயற்கை நுண்ணறிவு கற்றிருக்க வேண்டியதில்லை. சாவி நம் கையில் இருக்கிறது.