ரேடியோ டிரைவர்: ஒரு மில்லிசெகண்ட் கணக்கு

ராஸ்பெரி பை வெச்சிருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ரேடியோ சிப்புக்கு கெர்னல் டிரைவர் எதுக்கு? பைத்தான்லயே ஓடுதே?"

ஓடும்தான். எதுவரைக்கும் ஓடும்ங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட சிசி1101 சிப்பை எடுத்துக்குவோம். ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யும் டிரான்ஸீவர். வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸை விட அலைவரிசை குறைவு. அதனால சுவர்களைத் தாண்டி நல்லாவே போகும். எஸ்பிஐக்கு நாலு கம்பி, இன்டரப்ட்டுக்கு ஒரு கம்பி, அப்புறம் பவர். இணைப்பு அவ்வளவுதான்.

வர்ற டேட்டாவை வைக்க இந்த சிப்புக்குள்ள 64 பைட் இடம்தான் இருக்கு. நொடிக்கு 500 கிலோபிட் வேகத்துல வந்தா, ஒரு மில்லிசெகண்ட்ல நிரம்பிடும். பாக்கெட் அதைவிட நீளம்னா, வந்துக்கிட்டு இருக்கும்போதே எடுத்தாகணும். அந்த நேரம் பார்த்து லினக்ஸ் உங்க பைத்தானை ஓரமா நிறுத்திட்டு வேற வேலையைப் பார்த்தா? சிப் ஓவர்ஃப்ளோ ஆகி நின்னுடும். நாம காலி பண்ணி, திரும்ப ரிசீவ் மோடுக்குக் கொண்டு வர்ற வரைக்கும் எதையும் கேட்காது. அந்தப் பக்கம் ஒரு கேஸ் கசிவு சென்சார் ஒரே ஒரு தடவை அனுப்பிட்டுத் தூங்கப் போயிருந்தா, அந்த எச்சரிக்கை போனது போனதுதான்.

இங்கதான் கெர்னல் டிரைவர் வருது. பஃபர் பாதி நிரம்பினதும் சிப் ஒரு பின் வழியா சிக்னல் தரும், இன்டரப்ட் வரும். உடனே அந்த ஹேண்ட்லர்லயே எஸ்பிஐ வழியா படிச்சிடலாம்னு தோணும். கூடாது. ஹேண்ட்லர் தூங்கவே கூடாது, எஸ்பிஐ பரிமாற்றமோ முடியுற வரைக்கும் தூங்கக்கூடியது. 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்'னு கெர்னல் கத்தும்.

இதுக்கு வழி, த்ரெடட் ஐஆர்க்யூ. முதல் பாதி "ஆள் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு உடனே விலகிடும். இரண்டாவது பாதி தனி த்ரெட். அது தூங்கலாம். சாதாரண ப்ரோகிராம்களை முந்திக்கிட்டும் ஓடும்.

அதுக்காக எல்லாத்தையும் கெர்னலுக்குள்ள திணிக்காதீங்க. பைத்தான் விழுந்தா அது மட்டும்தான் விழும். டிரைவர் விழுந்தா மெஷினே விழலாம். என் கணக்கு சிம்பிள்: பைட்டை நேரத்துக்கு எடுக்கிறது கெர்னல் வேலை, அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது வெளியே.

சின்ன பாக்கெட், மெதுவான வேகம்னா பைத்தானே போதும். முதல்ல உங்க பாக்கெட்டோட நீளத்தையும் வேகத்தையும் வெச்சு ஒரு கணக்குப் போடுங்க. டிரைவர் வேணுமான்னு அதுவே சொல்லிடும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.