அம்மாச்சி வீட்டுக்குக் கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கறவை மாடு வாங்கியதைச் சொன்னார்கள், தையல் கடை வைத்ததைச் சொன்னார்கள், தென்னங்கீற்று முடைந்து விற்றதைச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது ஒரு பைசா வருமானம் இல்லாத வேலையைப் பற்றி. நான் படம் வரைகிறேன். வாட்டர் கலரில் என் அம்மாச்சி வீட்டை வரைகிறேன். அந்தச் சுவரோரம் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டியிருக்கிற பதினோரு படமும் அதுதான். “இதையெல்லாம் மேடையில பேசணுமா அக்கா?” என்று தலைவியிடம் கேட்டேன். “கடன் குடுத்தோம்ல, கணக்கு சொல்லு” என்றார். அதனால் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்ம பேராவூரணிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தால் நெல், சேராவிட்டால் தென்னைதான் சோறு போடும். முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே அம்மா எங்களை பஸ் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார். நாட்டு ஓடு போட்ட வீடு. வாசலில் இரண்டு திண்ணை. உள்ளே போனால் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு நெல் பத்தாயம். அடுப்படி மட்டும் கொல்லையை ஒட்டித் தாழ்வாக, இருட்டாக இருக்கும். அதன் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. பத்து மணிக்கு மேல் அது வழியாக வெயில் ஒரு கம்பு மாதிரி இறங்கும். அடுப்புப் புகைக்குள் நின்றுகொண்டிருக்கும். நானும் தம்பியும் அதைக் கையால் பிடிக்கப் பார்ப்போம்.

உலை வைக்கும்போதெல்லாம் அம்மாச்சி அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பானை நிறைந்தால் அக்கம்பக்கத்தில் விற்று, காசை பத்தாயத்துக்குப் பின்னால் இருக்கிற மாடத்தில் முடிந்து வைப்பார். சிறுவாட்டுக் காசு. தாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரோ என்னவோ. எங்க அம்மாவை எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தது அந்தக் காசுதான். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசாங்கம் மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது அம்மாச்சிக்கு அறுபது வயது ஆகியிருக்கும். அவர் கையில் பாஸ்புக் இல்லை, தீர்மான நோட்டு இல்லை. ஒரே ஒரு உறுப்பினர் உள்ள குழு அவர்.

2009-இல் அம்மாச்சி தவறிப்போனார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கான தென்னை சாய்ந்ததில் இரண்டு மரம் அம்மாச்சி வீட்டின் மேல் விழுந்தது. ஓடு போய், மண்சுவர் மழையில் கரைந்துவிட்டது. அந்த இடத்தில் மாமா இப்போது காங்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். நல்ல வீடு. அடுத்த புயலுக்குப் பயமில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் என் மகள் ஒருநாள், “எப்பப் பாரு அம்மாச்சி வீடு, அம்மாச்சி வீடுங்கிற. அது எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டாள். போட்டோ தேடினேன். மாமா கல்யாணத்தில் எடுத்தது ஒன்று கிடைத்தது. அதில் பந்தலும் வாழைமரமும்தான் தெரிகிறது, வீடு தெரியவில்லை. சரி, வரைந்து காட்டலாம் என்று அவளுடைய கலர் பெட்டியை எடுத்து நோட்டில் தீற்றினேன். தாள் ஊறிக் கிழிந்தது. அவள் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியரிடம் கேட்டதில், “இதுக்குக் கெட்டித் தாள் வேணும்மா, 300 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்க. ரெண்டு நல்ல பிரஷ், பன்னிரண்டு டியூப் கலர் போதும்” என்றார்.

குழுக் கூட்டத்தில் 2,000 ரூபாய் கடன் கேட்டேன். “எதுக்கு?” என்றார்கள். சொன்னேன். ஒரே சிரிப்பு. எங்க குழுவில் மூத்த அக்கா ஒருவர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். “பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாம ஒருத்தி வரிசையில நிக்கிறா, பெயிண்ட் டப்பாவுக்குக் கடனா?” என்றார். நியாயமான கேள்வி. எனக்கு வாய் அடைத்துப் போனது. ஃபீஸ் கேட்டவருக்கு முதலில் கொடுத்து, எனக்கு அடுத்த மாதம் என்று தீர்மானம் எழுதினார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. “என்ன காரணத்துக்கு?” என்ற இடத்தில் ஊக்குநர் ‘வீட்டு வேலை’ என்று எழுதினார். இப்போது நினைத்தால் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

வாட்டர் கலர் ரொம்பக் கறாரான வேலை. நம்ம வரவு செலவு நோட்டு மாதிரி, அடித்தல் திருத்தல் கூடாது. எண்ணெய்ப் பெயிண்ட்டில் தப்பாகப் போனால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைத்துவிடலாம். இதில் அடியில் போட்டது மேலே தெரியும். முதலில் வெளிர் நிறம், அது காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில்தான் அடர்த்தி. ஈரம் காய்வதற்குள் தொட்டால் சேறாகிவிடும். அப்படியே ஆறு தாள் வீணாகப் போனது.

அதைவிட முக்கியம் வெள்ளை. வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தில் கலர் போடாமல் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கண்ணாடி ஓட்டு வெயிலை நான் வரையவே இல்லை. சுற்றி இருக்கிற இருட்டைத்தான் வரைந்தேன், வெயில் தானாக வந்தது. புகை படிந்த சுவருக்குக் கறுப்பு போட்டால் செத்துப்போன மாதிரி இருக்கிறது. நீலமும் பழுப்பும் கலந்தால்தான் அடுப்படி இருட்டு வரும். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவருக்கு, பிரஷ் கழுவிய தண்ணீர் அளவுக்கு நீலம் போதும். வார இதழ்களில் வந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர், 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் முடிவு பண்ணக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு கூட்டத்துக்கு ஐந்து படம் கொண்டுபோனேன். கோபப்பட்ட அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாயம் வரைந்த படத்தில் விரலை வைத்து, “அடியில நெல்லு எடுக்குற வழி எங்க? அது இல்லாம எப்படி நெல்லு எடுப்ப?” என்றார். நான் மறந்தே போயிருந்தேன். அவருடைய வீடும் கஜாவில் போனதுதான். அதன்பிறகு ஒருவர் உறியைச் சொன்னார், ஒருவர் முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் அண்டாவைச் சொன்னார். அன்றைக்குக் கடன் வசூலே ஒரு மணி நேரம் தாமதம். பத்தாயத்தைத் திரும்ப வரைந்தேன். அங்கே மூன்றாவதாகத் தொங்குகிற படம் அதுதான். அந்த வழி இப்போது இருக்கிறது அக்கா, பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போகிறதுதான் எனக்கு வருத்தமான கணக்கு. பதினோரு படத்திலும் அம்மாச்சி இருக்கிறார். பாருங்கள், ஒன்றில்கூட முகம் இல்லை. அடுப்பு ஊதுகிறார், முதுகு. கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறார், முதுகு. கோலம் போடுகிறார், குனிந்த தலை. வேண்டுமென்று செய்யவில்லை. ஞாபகம் அப்படித்தான் வந்தது. முகத்தைக் கொண்டுவர எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். “கைதான்டி ஞாபகம் இருக்கு. ஆள்காட்டி விரல்ல தீக்காயத் தழும்பு இருக்கும்” என்றார். மாமா, “குரல் காதுல இருக்கு, முகம் சரியா வரல” என்றார். வாக்காளர் அட்டையில் போட்டோ இருந்தது, அது டிரங்குப் பெட்டியோடு புயலில் போயிற்று. எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுஷி! உட்கார்ந்து, எதிரே பார்த்து, எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியான நேரம்கூட எங்கள் யாருக்கும் நினைவில்லை. உட்கார்ந்தால்தானே நினைவிருக்கும்? வாசல் திண்ணையில் தாத்தா உட்கார்வார், வருகிறவர் போகிறவர் உட்கார்வார்கள். வாராவாரம் சாணி போட்டு மெழுகிவிட்டு அம்மாச்சி உள்ளே போய்விடுவார்.

அதனால் பன்னிரண்டாவது படத்தில் அவரைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறேன், முகத்தோடு. அம்மா அச்சு அசல் அம்மாச்சி சாயல் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அம்மாவைச் சேரில் உட்காரச் சொல்லிப் பார்த்து வரைந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை “அடுப்புல பால் இருக்கு”, “மாடு கத்துது” என்று எழுந்துவிடுவார். சும்மா உட்கார அவருக்குத் தெரியவில்லை. நாலு நாள் ஆனது. அந்தப் படம் இன்னும் முடியவில்லை, அதனால் மாட்டவில்லை. நடக்காத காட்சிதான். என் மகள் பார்த்துவிட்டு, “அம்மாச்சி இங்கதான் உட்காருவாங்களா?” என்று கேட்டாள். “இல்ல, உட்காந்திருக்கணும்” என்றேன்.

சகோதரிகளே, நம்ம பிள்ளைகளை நாளைக்கு நம்மை வரையச் சொன்னால் எதை வரைவார்கள்? இந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்கிறேன். ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எல்லோரோடும் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் முதல் நாள் “என்ன, உடம்புக்கு முடியலையா?” என்றார். இப்போது பழகிவிட்டது.

கடனில் எட்டுத் தவணை கட்டியாயிற்று, இரண்டு பாக்கி. தாள் இன்னும் ஏழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டமைப்புக் கட்டடத்தில் உட்காரலாம் என்று தலைவி அக்கா அனுமதி கொடுத்திருக்கிறார். வரையத் தெரிய வேண்டியதில்லை. உங்க வீட்டில், உங்க அம்மாச்சி, அப்பாயி வீட்டில் எது எங்கே இருந்தது என்று வாயால் சொன்னால் போதும், சேர்ந்து வரைவோம். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களை முன்வரிசையில், எதிரே பார்க்கிற மாதிரி உட்கார வைப்போம். சேர் நான் போட்டுவைக்கிறேன்.